குலதெய்வத்தைத் தேடும் முன் பங்காளியைத் தேடுங்கள்

ஈப்போவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் தாத்தா 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே காகிதத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா' என்று இருக்கிறது, ஊர்ப்பெயர் பாதி அழிந்துவிட்டது. குலதெய்வம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. நாடி பார்த்த இடத்தில் ஒரு சாமி பெயர் வந்தது, குறி சொன்னவர் வேறு சாமி பெயர் சொன்னார். பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும். ஒரு வாரம் விடுப்பு எடுத்து வந்தால் கண்டுபிடித்துவிடலாமா, இதுதான் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் சாமியைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் கேட்பது 'நாங்கள் யாருக்குப் பங்காளிகள்?' என்பதைத்தான். காவிரிப் படுகையில் இதற்கு விடை கிடைத்தால் அதற்கும் கிடைத்துவிடும். தயாரிப்போடு வந்தால் ஒரு வாரம் போதலாம். தயாரிப்பு இல்லாமல் வந்தால் ஒரு மாதம் தங்கினாலும் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வேலையில் முக்கால் பங்கு ஈப்போவிலேயே செய்ய வேண்டியது.

ஏன் பங்காளியைத் தேடச் சொல்கிறேன் என்றால், குலதெய்வம் தகப்பன் வழியில் வருவது. சாமியின் பெயர் மட்டும் தெரிந்தால் எதுவும் தெரிந்ததாகாது. அய்யனார், வீரனார், பிடாரி, காத்தவராயன், பெரியாச்சி, மதுரைவீரன், அங்காளம்மன் எல்லாம் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரே ஊரில் வடக்கு எல்லையில் ஓர் அய்யனாரும் தெற்கே குளத்தங்கரையில் இன்னோர் அய்யனாரும் இருப்பார்கள். இரண்டுக்கும் கும்பிடுகிற வகையறா வேறு. உங்களுக்குத் தேவை மூன்று செய்திகள் சேர்ந்து: சாமி, அந்தச் சாமி இருக்கும் குறிப்பிட்ட கோயில், அந்தக் கோயிலில் உங்கள் வகையறாவுக்கு உரிய இடம். இந்த மூன்றையும் ஒருசேரச் சொல்லக்கூடியவர் பங்காளி ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் அடுத்த நிலையில் பூசாரி.

நாடியையும் குறியையும் பற்றி நேராகக் கேட்டிருப்பதால் நேராகவே சொல்கிறேன். அவற்றில் நம்பிக்கை வைப்பது உங்கள் உரிமை, அதில் தலையிட மாட்டேன். ஆனால் வம்சத்தை உறுதிசெய்யும் ஆதாரமாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. ஓலை வாசிக்கும் முறையே 'ஆம், இல்லை' என்று உங்களிடம் பதில் வாங்கிக்கொண்டு போவது. உங்களுக்கே தெரியாத ஒன்றுக்கு நீங்கள் சொல்லும் பதில் ஊகம்தான். இரண்டு இடத்தில் இரண்டு பெயர் வந்ததே அதைக் காட்டிவிட்டது. இரண்டு பெயர்களையும் நோட்டில் எழுதி வையுங்கள், கிடைக்கும் சான்றோடு பின்னால் ஒத்துப்பாருங்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கோயிலுக்குப் போய்ப் பெரிய செலவில் படையல் போடுவதை மட்டும் இப்போது தள்ளி வையுங்கள். சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்பது ஊரிலும் உள்ள வழக்கம்தான். அதைச் செய்வதானால், தேடல் ஒன்றிரண்டு கோயில்களுக்கு வந்து நின்றபிறகு, பங்காளிகளோடு சேர்ந்து செய்வதே முறை.

முதல் வேலை, குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் பேசுவது. தாத்தாவின் தங்கை, பெரியப்பா, அத்தை எல்லாரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். 'குலதெய்வம் எது?' என்று கேட்டால் 'தெரியாது' என்றுதான் பதில் வரும். அதனால் வேறு பக்கமாகக் கேளுங்கள். முதல் பத்திரிகையை எந்தச் சாமிக்கு வைத்தார்கள், முதல் முடியை எங்கே இறக்கினார்கள், காது குத்தும்போது படத்துக்கு முன்னால் என்ன படைத்தார்கள், சாராயமும் சுருட்டும் வைத்தார்களா, கிடா வெட்டினார்களா, சர்க்கரைப் பொங்கல் மட்டும்தானா, மாவிளக்கு போட்டார்களா, எந்த மாதத்தில், எந்தக் கிழமையில், யாராவது சாமி வந்து ஆடியபோது என்ன பெயர் சொன்னார்கள். சைவப் படையலா அசைவப் படையலா என்ற ஒரே பதில் தேடலின் பரப்பைப் பாதியாகக் குறைக்கும். பல அய்யனார் கோயில்களில் அய்யனாருக்குச் சைவப் பொங்கல், பக்கத்தில் நிற்கும் வீரனுக்கோ கருப்புக்கோ கிடா. ஆகவே இரண்டும் இருந்தது என்று பாட்டி சொன்னால் அதை முரண்பாடு என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் மூன்று குழப்பங்கள் அடிக்கடி வரும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிட்டாலும் பிறந்த வீட்டுச் சாமியை மறப்பதில்லை. பேரப்பிள்ளைகளிடம் அவர்கள் ஆசையாகச் சொன்னது பெரும்பாலும் பிறந்த வீட்டுச் சாமியின் கதை. 'பாட்டி சொன்ன சாமி' என்றால் அது எந்தப் பாட்டி, அவர் எந்த ஊர்ப் பெண் என்று பிரித்து எழுதுங்கள். அடுத்தது, ஊர் முழுக்கக் கும்பிடும் எல்லை மாரியம்மனையோ, சமயபுரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று நேர்ந்துகொண்டு போன இடத்தையோ குலதெய்வமாக நினைத்துக்கொள்வது. மூன்றாவது தோட்டத்துக் கோயில். ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்து தோட்டத்தில் முனீஸ்வரனையோ மாரியம்மனையோ நிறுத்தியவர்கள் உண்டு. ஆனால் அது மண் கொண்டுவந்தவரின் குலதெய்வம், அங்கே பால் மரம் சீவிய எல்லாருடையதும் ஆகாது. உங்கள் கொள்ளுத்தாத்தா இருந்த தோட்டத்துக் கோயிலை யார் தொடங்கினார்கள் என்று விசாரியுங்கள்.

பெயர்களையும் கவனியுங்கள். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர் என்று வைப்பது பரவலான வழக்கம். எனவே உங்கள் தாத்தாவின் மூத்த சகோதரர் பெயர், ஊரிலேயே தங்கிவிட்ட, கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வரும் பெயர் சாமியையும் காட்டலாம். சாமிநாதன் அடிக்கடி வந்தால் சுவாமிமலை. முத்துக்குமாரசாமி, வைத்திலிங்கம், தையல்நாயகி வந்தால் வைத்தீஸ்வரன்கோயில். காத்தையன், காத்தாயி வந்தால் காத்தாயி அம்மன் அல்லது காத்தவராயன். வீரையன், அய்யாக்கண்ணு வந்தால் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம். இது குறிப்பு மட்டும்தான், முடிவு ஆகாது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எத்தனையோ சாதிக் குடும்பங்கள் முடி இறக்கப் போகின்றன.

இனி மலேசியாவில் உள்ள காகிதங்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பல்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. 1920களில் மலாயாவுக்குப் போனவர்கள் கங்காணி முறையில் (தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி கூட்டிப்போக) போனவர்கள், அல்லது சொந்தமாக டிக்கெட் எடுத்துப் போனவர்கள்; அவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவு, 1948இல் தொடங்கிய அடையாள அட்டை, 1957க்குப் பிறகு போட்ட குடியுரிமை மனு, ஊருக்கு ஒருமுறையாவது போய்வந்திருந்தால் பழைய பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். குடியுரிமை மனுவிலும் பாஸ்போர்ட்டிலும் பிறந்த ஊரை எழுதியாக வேண்டும், அதனால் அவைதான் மதிப்பு மிக்கவை. வயதை நம்பாதீர்கள். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஆளைப் பார்த்து உத்தேசமாக எழுதிய வயது அது; ஐந்து, பத்து வருஷம் முன்பின் இருக்கும். சாதிப் பெயரும் அப்படியே கேட்டு எழுதியது, சில சமயம் மறைத்துச் சொன்னது.

கங்காணி யார் என்று தெரிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் திரட்டுவார். பயணச் செலவுக்கு உதவி பெற்றுப் போகும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை இப்படித்தான் நடந்தது. ஆகவே அதே தோட்டத்தில் அதே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த மற்றக் குடும்பங்களில் ஏதாவது ஒன்றுக்கு ஊர்ப்பெயர் தெரிந்திருந்தாலும் உங்கள் தேடல் நாலைந்து கிராமங்களுக்குள் வந்துவிடும். தோட்டத்தில் கொள்வினை கொடுப்பினை செய்த வீடுகளையும் கேளுங்கள். முதல் தலைமுறையினர் முடிந்தவரை ஊர் விசாரித்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

பழைய கடிதமோ மணியார்டர் ரசீதோ இருந்தால் தபால் முத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். முத்திரையில் இருப்பது தபாலாபீசின் பெயர், அந்த ஆபீசுக்கு உட்பட்ட ஊர்களில் ஒன்றுதான் உங்கள் ஊர். முகவரியில் 'வழி' என்று போட்டு இன்னோர் ஊர் இருந்தால் அது பக்கத்துப் பெரிய ஊர்.

ஜாதக ஓலையோ ஜாதக நோட்டோ இருந்தால் அதன் முதல் வரிகளில் இன்னார் பௌத்திரன் (பேரன்), இன்னார் புத்திரன் (மகன்), இன்ன ஊரில் ஜனனம் என்று இருக்கும். கட்டங்களை விட உங்களுக்கு அந்த வரிகள்தான் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்க வேண்டாம். ரௌத்திரி என்றால் 1860, 1920, 1980 மூன்றும் ஆகலாம். ஆளின் மற்ற விவரங்களோடு பொருத்தித்தான் எது என்று சொல்ல முடியும். நிலக் கணக்குகளில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

ஊர்ப்பெயரைப் படிக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அன்றைய எழுத்துக்கூட்டு வேறு: நெகபட்டம் என்றால் நாகப்பட்டினம், ஷியாழி என்றால் சீர்காழி, மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. அன்றைய தஞ்சாவூர் ஜில்லா இன்று நான்கு மாவட்டங்கள். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. அறந்தாங்கிப் பக்கம் 1974இலேயே புதுக்கோட்டைக்குப் போய்விட்டது. நன்னிலம் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது; அன்றைய நன்னிலம் தாலுகா இன்றையதைவிடப் பெரியது, எனவே குடவாசல் தாலுகாவின் ஊர்ப்பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். அழிந்த பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்தால் அதுவே பெரிய உதவி: குடியா, மங்கலமா, நல்லூரா, சேரியா, ஊரா. இரண்டு தாலுகாக்களின் வருவாய்க் கிராமப் பட்டியலையும் எடுத்து அந்த முடிவுள்ளவற்றை மட்டும் தனியாக எழுதுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் வரும், முன்னால் மேல, கீழ, வட, தென் ஒட்டி வரும். வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமங்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. கப்பலேறியவர் சொன்னது குக்கிராமத்தின் பெயராகவும் இருக்கலாம். பாட்டி 'அரசலாத்தங்கரை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய சாட்சி. வரைபடத்தில் அரசலாற்றைக் கும்பகோணத்திலிருந்து காரைக்கால்வரை தொடர்ந்து, பூந்தோட்டம் சுற்றுவட்டத்தில் இரு கரையிலும் உள்ள ஊர்களை முதலில் வையுங்கள்.

ஊர் இரண்டு மூன்றாகக் குறைந்தபிறகு அரசாங்கப் பதிவுகளுக்கு வரலாம். சொந்த நிலம் இருந்த குடும்பம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் சுரங்கம். பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று உண்டு. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக் கேட்கலாம், நகலும் வாங்கலாம். சர்வே எண் தெரியாத உங்களுக்குப் பெயர்வாரி அட்டவணைதான் உதவும். தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வரும் என்பதால், கொள்ளுத்தாத்தா போன ஆண்டையொட்டி முன்பின் பத்து ஆண்டுகள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னோக்கிப் போகாது. 1920களுக்கு நேரில் மனு கொடுக்க வேண்டும். தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரமும், தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும், அவர்கள் தகப்பன் பெயரும், சில சமயம் 'மலாய் நாட்டில் இருக்கும் இன்னாருடைய பாகம்' என்ற குறிப்பும் இருக்கும். கோயில் பூசைக்கோ பொங்கலுக்கோ ஒதுக்கிய நிலம் பற்றி ஒரு வரி வந்தால் குலதெய்வமே பத்திரத்தில் எழுந்து நிற்கும்.

தாலுகா அலுவலகத்தில் கிராமத்தின் ஏ பதிவேடு இருக்கும். சர்வே எண்வாரியாகப் பட்டாதாரர் பெயர் பார்க்கலாம். 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்னும் நிலப்பதிவு மேம்பாட்டில் எண்கள் பல மாறிவிட்டன, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புநோக்குப் பட்டியல் கேட்டு வாங்காமல் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் வேறு குடும்பத்தின் நிலத்தில் போய் நிற்பீர்கள். பிறப்பு இறப்புக் கணக்கை அந்தக் காலத்தில் எழுதியவர் கிராம முன்சீப். 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அவர்கள் கையிலிருந்த கணக்கில் எல்லாமே பத்திரமாக வந்து சேர்ந்துவிடவில்லை. கேட்டுப்பாருங்கள், இல்லை என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்காது என்பதும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். 'ஆண் குழந்தை', தகப்பன் பெயர், அவ்வளவுதான்.

நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால்? டெல்டாவிலிருந்து மலாயாவுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் மிராசுதார் பண்ணையில் வேலை செய்த பண்ணையாட்கள், குத்தகைக்காரர்கள். 1920களின் பட்டாவில் அவர்கள் பெயரைத் தேடுவது வீண்வேலை. அதற்காக அவர்களுக்கு வம்சம் எழுதப்படவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் தங்கிய சகோதரர்களின் பிள்ளைகள் பிற்காலப் பதிவுகளில் வருவார்கள்: 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதிய குத்தகை உரிமைப் பதிவேட்டில், 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி மனைக்கு உரிமை பெற்றவர்களின் ஆவணங்களில், பின்னாளைய வாக்காளர் பட்டியலில். வாக்காளர் பட்டியல் தெருவாரியாக, தகப்பன் அல்லது கணவன் பெயரோடு இருப்பதால் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் எந்தத் தெருவில் பேரன் பெயராகத் திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். அரசாங்கக் காகிதத்தைவிட இக்குடும்பங்களுக்கு ஊரின் நோட்டுகள்தான் வலுவான ஆதாரம். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில் குடும்பத் தலைவர்கள் வகையறாவாரியாக இருப்பார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஊரும் பெயரும் தகப்பன் பெயர் முதலெழுத்தும் இருக்கும். கொடுத்த மொய் திரும்ப வர வேண்டும் என்பதால் டெல்டாவில் மொய் நோட்டை எளிதில் தூக்கிப்போடுவதில்லை.

குடும்பத்தில் ஒரு கிளை வேறு மதத்தில் இருக்கலாம் என்பதற்கும் மனத்தைத் தயார்செய்து கொள்ளுங்கள். அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களிடம்தான் எழுத்தில் அதிகம் இருக்கும். தரங்கம்பாடியில் 1706இல் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து லுத்தரன் சபைகள் ஞானஸ்நானப் பதிவு எழுதி வருகின்றன. கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களின் பதிவேட்டில் பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் எல்லாம் இருக்கும். பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்களுக்கு இரத்த உறவு விலக்கு பெற்ற குறிப்பும், எந்தப் படியில் உறவு என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். ஒரு வம்சாவளிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது, தஞ்சாவூர் 1952இல் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. பங்கு ஆலயத்தில் ஏடு கிடைக்காவிட்டால் எந்தப் பழைய தலைமைக்குக் கடிதம் எழுதுவது என்று இதிலிருந்து தெரியும். முஸ்லிம் கிளை என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. அரசலாற்றின் கடைக்கோடி காரைக்கால் 1954வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கே மதம் பார்க்காமல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் எழுதினார்கள், பெற்றோர் பெயரும் சாட்சிகள் பெயரும் வரும். நன்னிலத்துக்காரர்களுக்குக் காரைக்கால் கூப்பிடு தூரம். பெண் கொடுத்த வீடு அங்கே இருந்தால் அந்தப் பதிவில் உங்கள் ஊர்ப்பெயர் முழுதாகக் கிடைத்துவிடலாம்.

ஊருக்கு வருவது எப்போது? ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள். வடகிழக்குப் பருவமழை, வயல் வேலை, யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வாருங்கள். கோயில் திருவிழாக்களும் பல அப்போதுதான். மகாசிவராத்திரி, பங்குனி உத்திரம், சித்திரை, ஆடி என்று எந்த நாளில் கூடுகிறார்கள் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும்; அந்த நாளில் சென்னை, திருப்பூர் போனவர்கள்கூட வந்துவிடுவார்கள், ஒரே நாளில் வகையறா முழுவதையும் பார்க்கலாம்.

யாரைக் கேட்பது என்பதில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரை விட, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு ஐம்பது வருஷம் ஆன மூதாட்டிகளுக்கு எந்த வீட்டுக்கு யார் உறவு என்று தெரியும். அடுத்தது, சாவு வீட்டிலிருந்து ஊர் ஊராகத் துக்கச் செய்தி சொல்லப் போன குடும்பத்தினர். அந்த வேலை சாதியின் பெயரால் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது என்பதை நினைவில் வைத்து மரியாதையோடு கேளுங்கள். எந்தச் சாவுக்கு எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்ற நினைவு, உறவின் முழு வரைபடமாகவே இருக்கும். பிறகு பூசாரி. அவரிடம் 'எங்கள் குலதெய்வம் இதுவா?' என்று கேட்காதீர்கள், வந்தவரை மகிழ்விக்க ஆம் என்று சொல்லிவிடுவார். 'இந்தக் கோயிலுக்கு எந்தெந்த வகையறா வருகிறார்கள், வெளிநாடு போய்த் தொடர்பு விட்டுப்போன வீடு உண்டா?' என்று கேளுங்கள். கோயிலில் குடமுழுக்குக் கல்வெட்டு, மணி, வேல், மண் குதிரையின் பீடம் எதையும் விடாமல் பெயர்களைப் படமெடுங்கள்.

சாதி என்ன என்ற கேள்வி டெல்டாக் கிராமத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் வரும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பெருமைக்காக மாற்றிச் சொன்னால் வேறு தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள், தேடல் அங்கேயே கெட்டுவிடும். பங்காளி என்று நீங்கள் நினைப்பவருக்கு முதலில் வரும் பயம், நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறீர்களோ என்பது. அது நியாயமான பயம். உட்கார்ந்ததுமே 'சொத்து எதுவும் கேட்டு வரவில்லை, முன்னோர் பெயரும் சாமியும் தெரிந்தால் போதும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்வே எண் உள்ள காகிதத்தை முதல் சந்திப்பில் வெளியே எடுக்காதீர்கள், வக்கீலைக் கூட்டிப்போகாதீர்கள். தாத்தாவின் புகைப்படத்தையும், கையால் எழுதிய வம்சாவளியின் நகல் ஒன்றையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வாருங்கள். அன்று மௌனமாக இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து போன் செய்வது வழக்கமாக நடப்பது.

கிடைத்தவர் பங்காளிதானா என்று உறுதிசெய்ய, ஒன்றையொன்று சாராத மூன்று பொருத்தங்களாவது வேண்டும்: கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரும் சகோதரர்கள் பெயரும், ஊரும் தெருவும், 'எங்கள் வீட்டில் ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை' என்று நீங்கள் சொல்லாமலே அவர்கள் பக்கம் இருக்கும் நினைவு. உங்கள் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டால் இந்த மூன்றாவது பொருத்தம் பயனற்றுப் போகும். முதலில் அவர்களைப் பேச விடுங்கள். சாவுத் தீட்டை யார் யார் சேர்ந்து காக்கிறார்கள் என்பது பங்காளி எல்லையைக் காட்டும் நல்ல அளவுகோல். ஒரே குலதெய்வம் என்றால் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள் என்பதும் பொதுவாகச் சரி, ஆனால் பெரிய கோயில்களுக்கு அது பொருந்தாது.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பவர்களும் உண்டு. சாமி பெயரை அது சொல்லாது. தகப்பன் வழி ஒய் குரோமோசோம் பங்காளித் தொடர்புக்கு நேராகப் பொருந்துவதால், ஊரில் ஓர் ஆண் சம்மதித்துச் சோதனை செய்தால் உறுதிப்படுத்த உதவும். பொதுவான சோதனையில், கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் இருவருக்கும் ஒருவரேயான மூன்றாம் நிலைச் சகோதரர்கள் பகிரும் மரபணு சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நம்மிடம் தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நடந்திருப்பதால் அந்த அளவு ஏறித் தெரியும். தூரத்து உறவைக் கிட்டத்து உறவாகக் காட்டிவிடும். காகிதமும் பேச்சும் முடிந்தபிறகு இதற்குப் போகலாம்.

கோயில் உறுதியானால் முதல் முறை தனியாகப் போகாதீர்கள். பங்காளிகளில் மூத்தவரிடம் சொல்லி, பூசாரிக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்து, அந்தக் கோயிலின் முறை எதுவோ அதன்படி பொங்கலோ மாவிளக்கோ படையலோ வையுங்கள். விட்டுப்போன வருஷங்களுக்குத் தலைக்கட்டு வரி கட்ட வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். பல இடங்களில் பழைய கணக்கு வேண்டாம், இந்த வருஷத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள். உங்கள் பெயர் அந்த நோட்டில் ஏறுவதுதான் வகையறாவில் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். பூந்தோட்டம் பக்கம் வருவதால், செதலபதியில் திலதர்ப்பணபுரி இருக்கிறது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பலரும் போகும் இடம். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்ல வேண்டும், ஆகவே பட்டியல் கையில் இருக்கட்டும்.

பிள்ளையின் முடிக்காக அவசரப்பட வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். குலதெய்வத்தை நினைத்து மஞ்சள் துணியில் காணிக்கைக் காசு முடிந்து பூசை அறையில் வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கும்பிடும் கோயிலில் முடி இறக்குங்கள். கோயில் தெரிந்தபிறகு அந்தக் காசை அங்கே சேர்த்து இன்னொரு முறை முடி இறக்கலாம். குலதெய்வத்துக்குச் செய்யவேண்டியது தவறிவிடுமோ என்று பயமுறுத்திப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இப்போதைக்கு அந்தக் காகிதத்தில் ஊர்ப்பெயர் இருக்கும் பகுதியை மட்டும், ஆள் பெயரையும் எண்களையும் மறைத்து, படமாக இங்கே போடுங்கள். தமிழா ஆங்கிலமா, கடைசி எழுத்துகள் எவை, அருகில் முத்திரை ஏதும் உண்டா என்பது தெரிந்தால் அரசலாற்றங்கரைப் பட்டியலில் எந்தெந்த ஊர்கள் மிஞ்சுகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.